கண்ணெடுக்காத பொம்மைகள்

நெஞ்சுவலி மறுபடியும் கீழே விழுந்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அது அவருடைய பட்டப்பெயர். துணிக்கடையில் சட்டைப் பிரிவு விற்பனையாளர். வேறு யாரையாவது மேலாளர் பாராட்டினால் போதும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிடுவார். தண்ணீர் வரும், விசிறி வரும், நாலு 'ஐயோ பாவம்' வரும். போன வாரம் அவரைத் தூக்க எழுந்த அவசரத்தில் தையல்காரர் விரலில் மிஷின் ஊசி ஏறிவிட்டது. "இனிமே இந்த ஆள் விழுந்தா ஒருத்தரும் திரும்பக் கூடாது" என்று மேலாளர் உத்தரவு போட்டுவிட்டார்.

கால் மணி நேரம் முனகிப் பார்த்தார். தையல் மிஷின் அது பாட்டுக்குக் கடகடவென்று ஓடியது. அலுத்துப்போய்த் தானே எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டார்.

அப்போதுதான் கவனித்தார். சட்டை மாட்டிக் காட்ட நேற்று வந்து இறங்கிய ஆளுயரப் புதுப் பொம்மைகள், வாசலைப் பார்த்து நின்றவை, இப்போது அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. எண்ணினார். ஐந்து.

"யாரு வேலை இது?"

ஒவ்வொன்றாக வாசல் பக்கம் திருப்பினார். பச்சைச் சட்டை போட்டிருந்த கடைசிப் பொம்மை மட்டும் கொஞ்சம் கனமாக இருந்தது.

சாப்பிட்டுவிட்டு வந்தால் ஐந்தும் அவர் பக்கம். முகங்களைத் துணி போட்டு மூடினார். டீ குடித்துத் திரும்பினால் துணிகள் அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. ஐந்து முகங்களும் அவரைப் பார்த்தன.

மேலாளரிடம் ஓடினார். "சார், பொம்மைங்க என்னையே பாக்குது!"

"நாங்கதான் பாக்கறதில்லை, அதுங்களாவது பாக்கட்டுமே."

"சத்தியமா சார்! நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது!"

"அடிக்கும், அடிக்கும். நாளைக்கு என்னய்யா, கிட்னியா?"

புலி வருது, புலி வருது என்று கத்தியவன் கதைதான். நிஜமாகவே பயந்த நேரத்தில் நம்ப ஆளில்லை. அழுகை முட்டியது. தையல்காரரின் கட்டுப்போட்ட விரலைப் பார்த்ததும் உடைந்தே போனார்.

"அண்ணே, எனக்கு ஒரு வலியும் கிடையாது. யாரும் பாக்கலைன்னா, நான் இருக்கேனான்னே சந்தேகமாயிடுது. அதான் விழுந்தேன். உங்க விரலுக்கு நான்தான் காரணம். மன்னிச்சிடுங்க."

தையல்காரர் மிஷினை நிறுத்தினார். "இதை நேரா சொல்லியிருந்தா தினமும் கூப்பிட்டு நாலு வார்த்தை பேசியிருப்பேனே. உக்காரு."

வெறும் நாலு வார்த்தை. அதற்கா இத்தனை நாள் தரையில் உருண்டோம் என்று வெட்கமாக இருந்தது. இனி விழுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தார்.

கடையைப் பெருக்கும் அம்மா துடைப்பத்தோடு தயங்கித் தயங்கி வந்தாள்.

"கோவிச்சுக்காதே தம்பி. ஒருத்தரும் உன்னைப் பாக்கலைன்னு மனசு கேக்கலை. பொம்மைங்களை நான்தான் உன் பக்கம் திருப்பி வெச்சேன்."

நெஞ்சுவலிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிந்தது. "நல்லா பயமுறுத்தினீங்கம்மா! அஞ்சையும் நீங்களேவா திருப்பினீங்க?"

"அஞ்சா? வந்ததே நாலு பொம்மைதானே தம்பி?"