இரண்டு விரல்மேல் ஒரு விமானம்

"மூக்கு தொங்குதே!" என்றார் கிளமென்ட்.

பொறியியல் படிக்கும் மகள் ஜாய்சி செய்த கையகல மரவிமானம் அது. றெக்கைக்கு அடியில் இரண்டு விரல்களைக் கொடுத்துத் தூக்கினால் மூக்குப் பக்கமாகச் சரிந்தது.

"அப்பா, அதத் தொட்டுராதீங்க. பத்து மணிக்கு எடுத்துட்டுப் போணும்" என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா ரோசம்மாளோடு கடைக்குப் போயிருந்தாள். அண்ணன் ரெக்சன் நாளை துபாய்க்கு வேலைக்குப் போகிறான். வாங்க வேண்டியது நிறைய இருந்தது.

தொடாமல் இருந்தால் அது கிளமென்ட் இல்லை. உவரியில் முப்பது வருடம் படகு இன்ஜின் பார்த்த கை. பாளையங்கோட்டைக்குக் குடிவந்த பிறகு அந்தக் கைக்குத்தான் வேலை இல்லை. அதோடு, போன வருடக் கல்லூரிப் போட்டியில் ஜாய்சியின் விமானம் குப்புற விழுந்து அவள் அழுதது இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. இந்தத் தடவை விடக்கூடாது.

"அணியம், அதான் படகு மூக்கு, தூக்கி நின்னாத்தான் படகு அலை ஏறும். இதுக்கு மட்டும் வேற சட்டமா?"

வலையில் கட்டும் ஈயக்குண்டு ஒன்றை வாலில் ஒட்டி, மொட்டைமாடியில் எறிந்தார். விமானம் வானத்தைப் பார்த்து எழும்பியது, கொஞ்சம் யோசித்தது, வால் குத்த விழுந்தது.

"என்னப்பா செய்யுதிய அங்கன?" கீழே பெட்டி கட்டிக்கொண்டிருந்த ரெக்சன் கேட்டான்.

"ஒண்ணுமில்லலே. காத்து சரியில்ல. நீ பெட்டியக் கட்டு."

மூக்கிலும் ஒரு குண்டை ஒட்டினார். கல்லாக இறங்கியதில் ஒரு சக்கரம் காணாமல் போனது. எடையைக் குறைக்க பிளேடால் வயிற்றைச் சீவினார். ஒரு பக்கம் கூடுதலாகச் சீவிவிட்டதால், மூன்றாம் தடவை வட்டமடித்து, ரோசம்மாள் காயப்போட்டிருந்த கருவாட்டில் போய்ப் படுத்தது.

மனிதர் அசரவில்லை. மெழுகை உருக்கித் துளித்துளியாக ஒட்டினார், சுரண்டினார், மறுபடி ஒட்டினார். ஒன்பதே முக்காலுக்கு விமானம் இரண்டு விரல்மேல் ஆடாமல் நின்றது. எறிந்தார். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் நூல் பிடித்தாற்போல் போய் இறங்கியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வாசலில் வேன் வந்து நின்றது. கடையிலிருந்து திரும்பிய இருவரும் ரெக்சனும் மாடியேறி வந்தார்கள். ரோசம்மாள் கையில் மாலையும் மெழுகுவத்திக் கட்டும் இருந்தன.

"ஏட்டி, பரிசு ஒனக்குத்தான்!" என்றார் கிளமென்ட். "மூணு தடவ விழுந்துச்சு. நான் விட்டேனா?"

ஜாய்சி வாயைப் பொத்திக்கொண்டாள். ரோசம்மாள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். ரெக்சன்தான் கருவாட்டு வாடை அடித்த விமானத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்பா, நாளைக்கு நான் ஏறுத விமானம் விழாம போய்ச் சேரணும்னு அம்மா அந்தோணியாருக்கு நேர்ந்துகிட்ட காணிக்கை இது!"