பவளத்தின் ஏகாதசி

பரிமுகம் கொண்டு மறைகளை மீட்டுத் தந்த பெருமானின் திருவடிகளைச் சிரமேற்கொண்டு, மாசி வளர்பிறை ஏகாதசியாகிய இந்நன்னாளில் என் பிழையொன்றை எழுதத் துணிகிறேன். பக்தி முற்றியவனிடம் குதிரையை ஒப்படைக்கலாகாது. அந்தப் பக்திமான் அடியேன்தான்.

என் மைத்துனன் செல்லத்துரை சிலமலையில் பவளம் என்றொரு பெண்குதிரையை வளர்க்கிறான். எண்பது கிலோமீட்டர் நெடும்பயணப் போட்டிக்காக இரண்டு ஆண்டுகள் அவளைப் பழக்கினான். வழியில் நிறுத்தி நிறுத்தி மருத்துவர் சோதிப்பார். உடல் தளராமல் முடிக்கும் குதிரைக்கே தேர்ச்சி. போட்டிக்கு முந்தைய நாள் மலைத் தோட்டத்தில் ஏலக்காய் எடுப்பு. பவளத்தை என் பொறுப்பில் விட்டு, ஜீப்பில் ஏறுமுன் அவன் சொன்னான்:

“அத்தான், புல்லு நாள் முழுக்க முன்னால கெடக்கணும். வயித்துல நார் இருந்தாத்தான் தண்ணி தங்கும், ஓடும்போது தாங்குவா. கொள்ளு காலையில ரெண்டு கை, அதுக்கு மேல வேணாம். விடியவும் நேரா வந்துர்றேன்.”

“நீ போயி சோலியப் பாரு மாப்ளே” என்றேன்.

அன்று ஏகாதசி. (இங்கேதான் என் அறிவு ஒளிவிட்டது.) துளசித் தீர்த்தம் மட்டும் அருந்தும் நாளில் என் உடல் பஞ்சுபோல் இலேசாகிறதே, நாளை ஓட வேண்டியவளுக்கும் அந்த இலேசு வேண்டாமா? வாயில்லாச் சீவனுக்கு விரதப் புண்ணியத்தை வேறு யார் தேடித் தருவார்? புல்கட்டைக் கொட்டகைக்கு வெளியே வைத்தேன். தண்ணீர் மட்டும் காட்டினேன். அவள்முன் அமர்ந்து பாசுரங்கள் பாடினேன். அவள் காலால் தரையைக் கீறிக் கனைத்தாள். தாளம் போடுகிறாள் என்று கண்கலங்கினேன்.

என் மனைவி ரெங்கம்மா எட்டிப் பார்த்தாள். “அது பசியில கத்துது. உங்க பாட்டு முடியிற வரைக்கும் தாங்காது.”

“விரதத்தைக் கலைக்காதே” என்றேன், இருவருக்கும் சேர்த்து.

துவாதசி விடியலில் பாரணை, விரதம் முடிக்கும் உணவு. பட்டினி கிடந்தவளுக்கு இரண்டு கை கொள்ளா? ஊறிய கொள்ளு ஓர் அண்டா, மேலே அகத்திக்கீரை. மூச்சு விடாமல் தின்றாள். செல்லத்துரை வந்ததும், “நல்லாத் தின்னாளா அத்தான்?” என்றான். “திருப்தியா” என்றேன். நேற்றைப் பற்றி அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

தேவாரம் ஊருக்குப் போகும் சாலையில் போட்டியின் முதல் நிறுத்தம். ஜீப்பில் பின்தொடர்ந்து நானும் சென்றிருந்தேன். பவளம் தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு மடிந்து படுத்தாள். மருத்துவ அம்மையார் வயிற்றில் குழல் வைத்துக் கேட்டார்.

“குடல் சத்தமே இல்ல. நேத்து என்ன தின்னுச்சு?”

செல்லத்துரை என்னைப் பார்த்தான்.

“நேத்து ஏகாதசி” என்றேன்.

அம்மையார் எழுதுவதை நிறுத்தினார். “சரிங்கய்யா. குதிரை என்ன தின்னுச்சு?”

உண்மை வெளிவந்தது. பட்டினியில் அடங்கிய குடலை அண்டாக் கொள்ளு அடைத்துக்கொண்டது என்றார். போட்டி அங்கேயே முடிந்தது. மூக்கில் குழாய், கழுத்தில் ஊசி. மாலைவரை அவள் உயிர் ஊசலாடியது. (நான் பாட வாயெடுத்தேன். மைத்துனன் கைகாட்டினான்; நிறுத்தினேன்.) பொழுது சாய்கையில் சாணமிட்டாள். அதற்குக் கைகூப்பியவன் உலகில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

செல்லத்துரை அவள் கழுத்தில் முகம் புதைத்து நின்றான். பிறகு மெல்லச் சொன்னான்: “நீங்க வைகுண்டம் போங்க அத்தான், நான் மறிக்கல. அவள ஏன் தொணைக்குக் கூப்புட்டீக?”

பவளம் பிழைத்தாள், ஆனால் மருத்துவர் அவளை மீண்டும் நெடும்பயணத்துக்கு அனுமதிக்கவில்லை. மைத்துனன் என்னை ஒருநாளும் கடிந்ததில்லை. ஏகாதசிதோறும் காலையில் தொலைபேசியில் அழைக்கிறான், இன்றும் அழைத்தான்.

“அத்தான், இங்க எல்லாரும் சாப்புட்டோம். பவளமும் சாப்புட்டுட்டா.”

பின்னால் வீடே சிரிக்கிறது. நானும் சிரிக்கிறேன், அந்தச் சிரிப்பு நெஞ்சுவரை இறங்குவதில்லை.

இதைப் படிப்போர் யாவரும், அவர்தம் தொழுவத்து உயிர்களும், பசித்த வேளையில் உண்டு நலமுடன் வாழப் பெருமான் அருள்க.