புளி முசேயும் ஒரு சிங்க வாலும்

பூமிக்கு அடியில் இருப்பதெல்லாம் தெரிந்து, மேலே இருப்பது ஒன்றுமே தெரியாத மனிதர், பிரெஞ்சுக்காரன் ஆண்ட புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் ஒருவர்தான் இருந்தார். அவர்தான் புளி முசே. பிரெஞ்சுத் துரைகளைத்தான் 'முசே' என்போம். இவருக்கோ இடுப்புத் துண்டைத் தவிர உடுப்பே கிடையாது. 'புளி' ஏன் என்பதற்கு வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

இரும்புப் பூண் போட்ட மூங்கில் கம்பு ஒன்று வைத்திருப்பார். நிலத்தில் குத்துவார், படுத்துக் காது வைப்பார், "செம்பு" என்பார். தோண்டினால் ஒரு நாள் பழைய காசு வரும், ஒன்பது நாள் லாடம் வரும். ஒரு கல்யாணத்தில், தாலி கட்டுகிற நேரம், மாப்பிள்ளை காலடியில் குத்திவிட்டுப் படுத்துவிட்டார். "தள்ளி நில்லுபா, ஒன் காலுக்குக் கீழ ராசா கீறான்." மாப்பிள்ளையும் எழுந்து நின்றார். வந்தது துருப்பிடித்த ஆணி.

காசு கிடைத்தால் முதலில் நாக்கில் வைத்து ருசி பார்ப்பார். பிறகு புளிக்கரைசலில் மூன்று நாள் ஊறப்போட்டு, கட்டைவிரலால் மட்டும் தேய்ப்பார். பச்சைக் களிம்பு போய் முகம் தெரியும். பூ இருந்தால் நம்ம பிரெஞ்சுக் காசு, சிங்கம் இருந்தால் இங்கிலீஷ் கும்பினிக் காசு. அவருக்கு எடுபிடியாகத் திரிந்த நான் ஒருமுறை அவசரப்பட்டு ஒரு காசைச் செங்கல் தூளால் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. பூவும் இல்லை, சிங்கமும் இல்லை.

"மூஞ்சியெ வழிச்சிட்டியேடா, படுபாவி! செத்த ராசாவ ரெண்டாந்தபா கொன்னுட்டியேடா!"

ஆறு மாதம் என்னோடு பேச்சில்லை.

எங்கள் எல்லை ஒரு கூத்து. ஒரு வயல் பிரெஞ்சு, அடுத்த வயல் இங்கிலீஷ். எங்கள் மாடு ஒரே காலையில் இரண்டு ராச்சியம் மேய்ந்துவிட்டு வரும். மணப்பட்டு ஊருக்குப் போகிற வழியில் அஞ்சலை என்று ஒரு விதவை, குடிசையில் ஆப்பம் சுட்டு விற்றாள். ஒருநாள் இங்கிலீஷ் சுங்கச் சாவடி டபேதார் வந்து நின்றார்.

"இது எங்க எல்லை. கள்ளக்கடத்தல் குடிசை. பிரிச்சிப் போட்டுடுவோம்."

நம் கொம்யூன் குமாஸ்தாவைக் கூப்பிட்டோம். "வரைபடத்தக் கரையான் தின்னுட்டுது" என்றார் அவர். இரண்டு சர்க்காரும் அஞ்சலையின் ஆப்பத்தைத் தின்றுகொண்டே யோசித்து ஒரு முடிவு கண்டன. அடுப்படியில் தோண்டுவது, எந்தச் சர்க்கார் காசு கிடைக்கிறதோ, அந்தச் சர்க்கார் மண்.

முசே குத்தினார், படுத்தார். அடுப்புச் சூட்டில் காது சிவந்தது. கிடைத்தது ஒரே காசு, களிம்பு மூடி.

"அண்ணே, என்னாண்ட கீறது இந்த அடுப்பு ஒண்ணுதான்" என்றாள் அஞ்சலை.

"இன்னாமா பண்றது? காசு இன்னா சொல்லுதோ அதான்" என்றார் முசே. அவரை அடிக்கலாம் போல இருந்தது எனக்கு.

மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். கட்டைவிரல் நகர நகரக் களிம்பு விலகியது. முதலில் ஒரு வால் தெரிந்தது. சிங்கத்தின் வால்.

"முசே, வாலு."

"தெரியுதுடா."

வெகுநேரம் வாலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"ஒன்னாண்ட அந்தச் செங்கல் தூளு மீதி கீதா?"

மறுநாள் டபேதார் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாய்யா, ஒண்ணுமே இல்ல?"

"மண்ணு தின்னுட்டுதுங்க," என்றார் முசே, "வரைபடத்தக் கரையான் தின்ன மாதிரி."

குமாஸ்தா இருமினார். 'யாருடைய மண் என்று விளங்கவில்லை' என்று எழுதி, இரண்டு சர்க்காரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு நாலு ஆப்பம் தின்றுவிட்டுப் போயின. குடிசை நின்றது.

அந்தக் காசை முசே அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். "இது எந்த ராசா காசு?" என்று யாராவது கேட்டால், "கண்ணு அவிஞ்சா பூட்டுது? இதுல கீறது ஆப்பம்டா!" என்பார்.

எனக்கும் வயதாகி இப்போது கண் மங்கல். தேய்ந்த காசு ஏதாவது கைக்கு வந்தால், கட்டைவிரலால் மெல்லத் தடவிப் பார்க்கிறேன். அவர் முகம்தான் வருகிறது.