ரிலேஷன் பத்தலை

அக்காள்மடம்,
செவ்வாய் மதியம், கரண்ட் இல்லாத நேரம்.

கோயம்புத்தூரில் கணக்கு ஆராய்ச்சி செய்யும் என் அக்காள் மகள் சிரஞ்சீவி யுவராணிக்கு, தாய்மாமன் தர்மராஜ் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை வீரலட்சுமியும் ஜெராக்ஸ் கடையும் உப்புக்காற்றுக்குத் தாக்குப்பிடித்து நிற்கிறோம். அங்கே நீயும் உன் பெரிய எண்ணும் சுகம்தானே? ஒரு வாரமாக என் போனை நீ எடுக்காததால் பேனாவை எடுத்திருக்கிறேன்.

இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று நான் முன்கூட்டியே சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்காதே; சொன்னேன். கணக்கில் எனக்குள்ள மூளைக்கு நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றது பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம். நீ விளக்கியது அத்தனையும் எனக்கு முதல் தடவையிலேயே புரிந்துவிட்டது. இருநூற்றுச் சொச்சம் இலக்கத்தில் ஓர் எண். எந்த இரண்டு எண்களைப் பெருக்கி அது வந்தது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஒரே கம்ப்யூட்டரை ஓட்டினால் பேரன் காலம்வரை ஓடும். அதனால் ஊரூராக ஆசைப்பட்டவர்கள், சம்பளம் இல்லாமல், சும்மா கிடக்கும் கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு பங்கு ஓட்ட வேண்டும். பங்கு பிரித்துக் கொடுத்து, முடித்ததை வாங்கிச் சேர்க்கும் பொறுப்பு உன்னுடையது. ராமநாதபுரம் பங்கு தேதிக்குள் வராவிட்டால் அதை வேறு மாநிலத்துக்காரர்களிடம் கொடுத்துவிட்டு, பொறுப்பையும் உன்னிடமிருந்து வாங்கிவிடுவார்கள் என்றாய். இதை டீக்கடையில் சொன்னபோது, எண் உடைந்த அன்று அமெரிக்காவில் பாதி பேங்க் பூட்டு தானாகத் திறக்கும் என்று நான் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். சேர்க்காவிட்டால் எவன் காது கொடுப்பான்?

என் கடையில் மூன்று கம்ப்யூட்டர், பாம்பனில் கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்தும் வசீமிடம் எட்டு. எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. அப்போதுதான் நீ போன் செய்தாய். “மாமா, ரிலேஷன்ஸ் பத்தலை. வர்றதுலயும் பாதி டூப்ளிகேட். அதைக் கழிச்சிட்டா ரொம்பக் கொறையுது. எப்படியாச்சும் சேத்துக் குடுங்க” என்று அழாத குறையாகச் சொன்னாய். எதற்கு என்று நான் ஒரு வார்த்தை கேட்டேனா? கல்யாணமோ கருமாதியோ, ரிலேஷன் பத்தவில்லை என்றால் ஆள் திரட்டுவதுதானே தாய்மாமன் வேலை? திருவாடானைப் பக்கத்துச் சொந்தங்களுக்கு உடனே சொல்லி அனுப்பினேன். வசீம் நல்ல பையன்தான், ஆனால் ரிலேஷன் இல்லையே. ஆராய்ச்சிக்காரர்கள் விதியை நான் மீறலாமா? அவனுக்குப் போன் போட்டு, “தம்பி, இது சொந்தக்காரங்க மட்டும் செய்யிற வேலையாம், ஒன் மெசினை நிறுத்திக்கப்பா” என்றேன். “அப்ப இம்புட்டு நாளா மாமா மாமான்னு நா கூப்பிட்டது, ஒங்க பேரு தெரியாமயா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். உன் அத்தை சோறு வடித்து வடித்துக் கையில் ரேகையே இல்லை என்றாள். வந்தவர்களை வரிசையாக நிறுத்தி ஆளுக்கொரு முறை கம்ப்யூட்டரைத் தொடவைத்தேன். அடுத்து நீ சொன்ன டூப்ளிகேட்டைக் கழிக்க வேண்டுமே! நம் வகையில் அது லேசான காரியமா? திருவாடானை வேல்ராஜ் என் அம்மா வழியில் எனக்கு மச்சான். உன் அத்தை தங்கச்சியைக் கட்டியதில் சகலை. ஒரே ஆள், இரண்டு உறவு. டூப்ளிகேட் என்றால் இதைவிட வேறென்ன? பந்தியில் உட்கார்ந்திருந்தவரின் காதோரம் குனிந்து, “மச்சான், தப்பா நெனைக்காதீக, டூப்ளிகேட்டெல்லாம் எந்திரிக்கணுமாம்” என்று பவ்வியமாகத்தான் சொன்னேன். “ஏலே தர்மராசு! எலையில ஒக்காந்தவன எந்திரிக்கச் சொல்றியா? நா டூப்ளிகேட்டா? ஒங் கல்யாணத்துக்குப் பந்தக்கால் ஊண்டுனவன்டா நானு! இனி இங்கன கால் வச்சா ஏன்னு கேளு!” என்று எழுந்தவர், சார்ஜில் போட்டிருந்த தன் செல்லைப் பிடுங்குகிற வேகத்தில் மூன்று கம்ப்யூட்டருக்கும் போகிற வயரைச் சேர்த்துப் பிடுங்கிவிட்டுப் போய்விட்டார். அவர் பின்னாலேயே வேனும் போய்விட்டது. கம்ப்யூட்டர் மூன்றும் இன்றுவரை கண்ணைத் திறக்கவில்லை.

அப்படியும் நான் அசரவில்லை. “மருமகளே, ஒரு வேன் ரிலேஷன் வந்து போயாச்சு, டூப்ளிகேட்டையும் கழிச்சாச்சு” என்று உனக்குப் பெருமையாகப் போன் செய்தேன். நான் சொன்னதை முழுசாகக் கேட்டுக்கொண்டாய். பிறகு, “மாமா, ரிலேஷன்னா ஆளுங்க இல்ல. மெசின் சலிச்சுச் சலிச்சு எடுக்குற கணக்கு வரிக்கு அதான் பேரு. அது கோடிக்கணக்குல வேணும்” என்றாய். கோடி என்று முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்காதா? நம் வகையறா அவ்வளவு பெரிதில்லையே. “வசீம் அண்ணன் மெசின் ஓடுதுல்ல?” என்று கேட்டாய். நிறுத்தச் சொல்லிவிட்டேன் என்றேன். “அது ஒண்ணத்தான் மாமா நம்பிக்கிட்டு இருந்தேன்” என்றாய். அதோடு சரி, அதற்கப்புறம் உன் குரலை நான் கேட்கவில்லை.

கெடுவுக்கு முந்தின நாள் நான் பாம்பனுக்குக் கிளம்பினேன். பஸ் வரவில்லை. மழை. காற்று ஆளைத் தூக்கிக் கடலில் போடப் பார்த்தது. நனைந்துகொண்டே நடந்தேன். வசீம் எட்டு மெசினையும் போர்வையால் மூடிவிட்டு, மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் பேசினேன், யுவராணி. மேடையில் பேசியிருந்தால் எம்.எல்.ஏ. ஆகியிருப்பேன். அவன் கண்ணில் தண்ணீர். நானே என் கையால் சுவிட்சைப் போட்டேன். எட்டும் உறுமிக்கொண்டு கிளம்பி, விடிவதற்குள் மொத்தப் பங்கையும் முடித்துவிட்டன. ராமநாதபுரம் பங்கு வந்து சேர்ந்தது என்று உங்கள் வாட்ஸ்அப் குழுவில் நீ போட்டதை நானும் பார்த்தேன். பொறுப்பு உன் கையைவிட்டுப் போகவில்லை. யாரால் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எனக்கு அலுத்துவிட்டதம்மா. வேல்ராஜ் வீட்டு விசேஷத்துக்கு இனி எனக்கு அழைப்பு கிடையாது. உன் அத்தை தங்கச்சியோடு பேச முடியாமல் என்னோடும் பேசவில்லை. நீயாவது போனை எடு. உன் அம்மா ராமலெட்சுமி அக்காவுக்கு என் வணக்கம். டூப்ளிகேட் விஷயம் அவள் காதுக்குப் போக வேண்டாம். உன் எண் இரண்டாக உடையட்டும், மற்றதெல்லாம் உடையாமல் இருக்கட்டும் என்று திருப்புல்லாணிப் பெருமாளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

அன்புள்ள மாமா,
தர்மராஜ்

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் உன் அத்தை வாங்கிப் படித்துவிட்டு, ஒரு வாரத்துக்குப் பிறகு வாயைத் திறந்தாள். “எட்டு மெசினு ஒரே ராத்திரியில முடிக்கிற வேலைக்கா அந்தப் புள்ள மாசக்கணக்கா மல்லுக்கட்டுச்சு? அது கணக்குல படிக்கிது, ஒங்கள மாதிரி கதையில இல்ல” என்றாள். அதனால் எழுதிவிடுகிறேன். பாம்பனுக்குப் போனது நிஜம், பஸ்ஸில். மழை இல்லை. சமாதானம் பேசியதும் சுவிட்ச் போட்டதும் என் கைச்சரக்கு. நான் உள்ளே நுழைந்தபோது எட்டும் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு நாள்கூட அவன் நிறுத்தவே இல்லையாம். “நாந்தான் நிறுத்தச் சொன்னேனேப்பா” என்றேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “யுவராணி எனக்குத் தங்கச்சி. நடுவுல நீங்க யாரு மாமா?” என்றான். டீ சொன்னான். குடித்துவிட்டு வந்தேன்.