இரண்டு சோத்தாங்கை

குளிர் என்றால் மார்கழியில் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்வது என்று நினைத்து வளர்ந்தவனைக் கையுறைக்கு விவரக்குறிப்பு எழுத உட்கார வைக்கக் கூடாது. என்னை உட்கார வைத்தார்கள். நானும் மிகுந்த உற்சாகத்தோடு எழுதினேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை எத்தனையோ குறிப்பும் திருத்தமும் இணைப்பும் எழுதியாகிவிட்டது. அந்த முதல் குறிப்பில் அமைந்ததுபோல் பிழையற்ற வாக்கியம் எதிலும் அமையவில்லை. ஒரு தொழிற்கூடத்தையே மூட வைத்த வாக்கியம் அது.

அறுபதுகளின் தொடக்கம். உத்திரமேரூரில் ஒரு பழைய நெல் கிடங்கைச் சுத்தம் செய்து, பெண்களுக்கான பின்னல் கூடம் ஒன்றை அரசு திறந்திருந்தது. கையால் தள்ளி ஓட்டும் பின்னல் மிஷின்கள், மூட்டை மூட்டையாகக் கம்பளி நூல். வடக்கே பனிமலையில் காவல் நிற்கும் சிப்பாய்களுக்குக் கையுறை பின்ன வேண்டும். இந்த முதல் சரக்கு தேறினால் கூடம் நிரந்தரமாகும், தேறாவிட்டால் மூடப்படும். சென்னை அலுவலகம் இதை வாயாலும் சொன்னது, எழுத்திலும் சொன்னது.

நான் அங்கே தொழில்நுட்ப உதவியாளர். டிப்ளமோ முடித்த சூடு இன்னும் ஆறவில்லை. (தொட்டால் கொப்பளிக்கும் சூடு.)

அங்கே பின்னிய பெண்களில் சாலோமி என்று ஒருத்தி. காலனிக்காரி, என் வயதுதான் இருக்கும். மிஷினில் உட்கார்ந்த முதல் வாரமே, நடவுக்குக் கூப்பிட வந்த பண்ணை மேஸ்திரியிடம், "இனிமே ஏய்னு கூப்புடாத. நான் இப்ப கவர்மென்ட்டு" என்று சொல்லிவிட்டாள். அவள் தெரு முழுக்கச் சிரித்தது. மேஸ்திரி சிரிக்கவில்லை. கூடம் மூடினால் அவள் எந்த வரப்பில் போய் நிற்க வேண்டியிருக்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"சார், சரக்கு பாஸாயிடுமில்ல? மேஸ்திரி தெனம் நம்ம வூட்டு வழியாத்தான் போய்க்கினு கீறாரு."

"நான் எழுதற குறிப்புல பாஸாகாம எங்க போகும்?" என்பேன்.

விவரக்குறிப்பு எழுதுவது லேசான காரியமில்லை. ஒவ்வொரு விரலும் எவ்வளவு நீளம், அங்குலத்துக்கு எத்தனை கண்ணி, மணிக்கட்டுப் பட்டி எவ்வளவு இழுபடலாம், துவைத்தால் எவ்வளவு சுருங்கலாம், உள்ளங்கைப் பக்கம் மட்டும் இரட்டைப் பின்னல். எல்லாம் எழுதி, மாதிரிக்கு ஒரு ஜோடி பின்னி, சென்னைக்கு அனுப்பக் காகிதத்தில் மடித்து வைத்தேன். அங்கே அதற்கு அரக்கு முத்திரை வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். அதைப் பார்த்துத்தான் பின்ன வேண்டும்.

கூடத்தின் கண்காணிப்பாளர் ஆறுமுகம் பக்திமான். பொட்டலத்துக்குக் கற்பூரம் காட்ட வந்தவர், பிரித்துப் பார்த்தார்.

"இது இன்னாய்யா?"

"இடது கை சார்."

"மொத மொத போற சரக்கு. பீச்சாங்கையையா ஆபீசருக்கு நீட்டுவ?"

"வெறும் உறைதானே சார்."

"உள்ள போறது எந்தக் கை?"

டிப்ளமோவில் இதற்கு விடை சொல்லித் தரவில்லை. இடது கையை எடுத்துத் தம் மேஜை டிராயரில் போட்டார். வலது கைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து அனுப்பினார். சென்னையில் அதைத் துடைக்காமலே முத்திரை வைத்தார்கள். (ஒவ்வொரு உருப்படியிலும் குங்குமம் இருக்க வேண்டும் என்று நான் எழுதாமல் விட்டது ஒன்றுதான் அந்த வருஷம் எனக்கிருந்த அறிவு.)

போன மாதிரி ஒற்றை. குறிப்போ ஜோடி என்கிறது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் என் பிழையற்ற வாக்கியத்தைச் சேர்த்தேன்: "ஜோடி என்பது, முத்திரையிட்ட மாதிரிக்கு எல்லா வகையிலும் ஒத்த இரண்டு உருப்படிகளைக் குறிக்கும்." அடுத்த வரி: "வியர்வைக் கறை படியுமாதலால் சரக்கை யாரும் அணிந்து பார்க்கக் கூடாது." இரண்டு வரியையும் பலமுறை படித்து ரசித்தேன்.

முத்திரையோடு வந்த வலது கையைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுச் சுவரில் மாட்டினோம். பெண்கள் அதைப் பார்த்துப் பின்னினார்கள். நான் எஃகு அளவுகோலோடு விரல் விரலாக அளந்தேன். ஒன்றைக் குப்புறவும் ஒன்றை மல்லாக்கவும் வைத்துக் கட்டினால் பார்வைக்கு அசல் இரண்டு கைதான். பரிசோதகர் வந்தார். அவரும் அளவுகோலோடுதான் வந்தார். சரக்கு தேறிப் போனது. சாலோமி கூடத்துக்கே பொட்டுக்கடலை வாங்கிக் கொடுத்தாள்.

கத்திரி வெயிலில் ஒரு நாள் ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் பட்டாளத்தில் இருந்துவிட்டு இப்போது கொள்முதல் பார்க்கும் அதிகாரி. கையில் எங்கள் கட்டு ஒன்று.

"இதுக்குக் குறிப்பு எழுதினது யாரு?"

பாராட்டு என்று நினைத்து முன்னால் போய் நின்றேன்.

"போடு."

வலது கை சிறப்பாகப் பொருந்தியது. இடது கையில், உள்ளங்கையைச் சரியாக வைத்தால் பெருவிரல் சுண்டுவிரல் பக்கம் போனது. பெருவிரலைச் சரியாக வைத்தால் இரட்டைப் பின்னல் புறங்கைக்கு வந்தது.

"இந்தக் கையை வெச்சுக்கிட்டு அவன் துப்பாக்கியை எப்படிப் பிடிப்பான்?"

நான் குறிப்பைப் பார்த்தேன். குறிப்பில் துப்பாக்கி இல்லை.

அவர் பெண்கள் பக்கம் திரும்பினார். "உங்கள்ல யாருக்குமா இது தெரியல?"

சாலோமி எழுந்தாள். "தெரியுமே சார். பீச்சாங்கைய வாலாஜாபாத்து கூடத்துல பின்றாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தோம்."

"வாலாஜாபாத்துல இருக்கறது ரைஸ் மில்லும்மா."

ஆறுமுகம் டிராயரைத் திறந்தார். "பீச்சாங்கையும் கீது சார். ஒண்ணு."

விசாரணை முடியும்வரை என்னைக் கையுறையைக் கழற்றச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கழற்றலாமா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் கம்பளிக் கைகளைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னேன். முழங்கை வழியாக வியர்வை சொட்டியது. அதாவது, என் குறிப்பின் அந்த ஒரு வரியாவது நூற்றுக்கு நூறு சரி என்று நிரூபணமானது.

பரிகாரம் என்னவோ கண்ணுக்கு எதிரே இருந்தது. இன்னும் அத்தனை இடது கை பின்னினால் தீர்ந்தது. சாலோமி நூலைக்கூட மிஷினில் ஏற்றிவிட்டாள். ஆனால் இடது கைக்கு விவரக்குறிப்பு இல்லை. முத்திரையிட்ட மாதிரி இல்லை. இரண்டையும் தயாரித்து அனுப்பினேன். "ஜோடியில் இடது கையின் அவசியம் குறித்து விளக்கம் தருக" என்று திரும்பி வந்தது. மனிதனின் உடலமைப்பிலிருந்து தொடங்கி விளக்கம் எழுதினேன். அது மேஜை மேஜையாக ஏறிக்கொண்டிருந்தபோதே முடிவு வந்துவிட்டது: சரக்கு குறிப்புக்கும் மாதிரிக்கும் முழுமையாக ஒத்திருக்கிறது, ஆகவே எந்த அலுவலர்மீதும் குற்றமில்லை, சரக்கு பயன்பாட்டுக்கு உதவாது, ஆகவே கூடம் மூடப்படுகிறது.

என்னைப் பணியில் உறுதிசெய்தார்கள்.

சில வருஷம் கழித்து, கல்யாணமான புதிதில், மனைவியோடு வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். அறுப்புக்குப் போய்த் திரும்பும் பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"இன்னா சார், நல்லா கீறீங்களா? ரெண்டு சோத்தாங்கையும் நல்லா கீதா?"

சாலோமி. மனைவி விவரம் கேட்டாள். சாலோமி அங்கேயே, பஸ் வருவதற்குள், ஜீப்பிலிருந்து வியர்வை வரை ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். மனைவி சிரித்த சிரிப்பில் வெற்றிலைக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு அடங்கியதும், "அந்தக் கையுறையெல்லாம் என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"ஏலத்துல எங்க மேஸ்திரிதான் எடுத்தாரும்மா. மாகறல்ல அறுப்பு. எல்லாரையும் நிக்க வெச்சி, 'கவர்மென்ட்டு, இந்தா ஒன் ஒற'ன்னு என் மேல ரெண்டு வீசினாரு. அதாச்சும் ஒதவும்னு பாத்தா, அருவா புடிக்கிறது சோத்தாங்கை. வெட்டு வாங்கறது இது." இடது கையை விரித்துக் காட்டினாள். விரல்களில் பழைய தழும்புகள், ஒன்று புதியது. பஸ் வந்தது.

எங்கள் வீட்டில் இன்றும் யாராவது ஒரு வேலையை முறைப்படி செய்து நாசமாக்கினால், அதற்குப் பெயர் "அப்பா பின்னின ஜோடி". பேரன்கள் வந்தால் மனைவி முழுக் கதையையும் நடித்தே காட்டுவாள். கம்பளிக்குப் பதிலாக அடுப்படித் துணியைக் கையில் சுற்றிக்கொள்வாள். "வாலாஜாபாத்துல இருக்கறது ரைஸ் மில்லும்மா" என்ற இடத்தில் எல்லோரும் உருண்டு சிரிப்பார்கள். கதை எப்போதும் அங்கேயே முடிந்துவிடும். மாகறல் அறுப்பை அவளும் சொல்வதில்லை, விட்டுப்போயிற்றே என்று நானும் எடுத்துக் கொடுப்பதில்லை.