மித்ராஸ் கல்லில் என் கால் பட்டது

கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று என்னைப் பழக்கியவர்களில் ஒருவராவது, அந்தப் பொருளுக்கு அலாரம் பூட்டியிருந்தால் என்ன செய்வது என்று சொல்லித் தந்தாரா? இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்போது சிட்னியில் ஓர் அருங்காட்சியகத்தில் காவலாளியாக இருந்தேன். மூன்று மாதத் தற்காலிக வேலை. கடைசி நாளைத் தாண்டினால் நிரந்தரம். மித்ராஸ் என்ற ரோமானியக் கடவுளின் கோயில் எச்சங்கள் கடல் கடந்து கண்காட்சிக்கு வந்திருந்தன. ஒரு பலிபீடம், ஒரு புடைப்புச் சிற்பம். சிற்பத்தில் அந்தக் கடவுள் காளையின் முதுகில் முழங்காலை ஊன்றிக் கத்தியைச் செருகுகிறார். நாய் இரத்தத்தை நக்குகிறது. (தேள் எங்கே கடிக்கிறது என்று எழுதமாட்டேன். பிள்ளைகள் வாசிப்பார்கள்.) நந்தியைக் கும்பிட்டு வளர்ந்தவனை இதற்குக் காவல் நிறுத்தினார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காலையில் செவன் ஹில்ஸ் வீட்டு வாசலில் மனைவி சொன்னாள்: "இஞ்சருங்கோ, இண்டைக்குக் கடைசி நாள். வாயைக் காட்டாமல் போட்டு வாங்கோ."

வாய் ஒரு பிழையும் செய்யவில்லை. நாள் முழுதும் "தொடாதீர்கள்" என்பதை மட்டுமே ஓதியது. மதியம் ஒரு பஸ் நிறைய ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். "கயிற்றுக்குப் பின்னால் நில்லுங்கள்" என்று அவர்களை அதட்டியபடியே நான் பின்பக்கமாக நகர்ந்தேன். என் சப்பாத்துக் கால் பலிபீடத்தில் இடித்தது. (கோயில் பொருளைத் தரையில் வைத்தவரை இன்றுவரை யாரும் விசாரிக்கவில்லை.)

மூளைக்குத் தகவல் போகுமுன் நான் குனிந்துவிட்டேன். கல்லைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றி, "முருகா, மன்னிச்சுக்கொள்" என்று வேறு சொன்னேன். அலாரம் அலறியது.

அதோடு முடிந்திருந்தால் தப்பியிருப்பேன். வந்தவர்களோ இதுவும் கண்காட்சியின் ஓர் அங்கம் என்று நினைத்துவிட்டார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். ஒரு அம்மா மூக்குக்கண்ணாடியையே கழற்றினார். வரிசையில் நின்று, ஒவ்வொருவராகக் குனிந்து, தொட்டு, கண்ணில் ஒற்றினார்கள். (நாங்கள் போகும் ஹெலன்ஸ்பர்க் கோயிலில்கூட அவ்வளவு ஒழுங்கான வரிசையை நான் கண்டதில்லை.)

மேற்பார்வையாளர் மேகன் ஓடி வந்தாள்.

"யார் முதலில் தொட்டது?"

பஸ்ஸில் வந்த அத்தனை பேரின் விரல்களும் என்னைக் காட்டின.

"கால் பட்டுவிட்டது மேகன், அதனால்தான்..."

"காலாலும் தொட்டாயா?"

வேலை போய்விட்டது. அன்று ரயிலில் எனக்கு அழுகையே வந்தது. கண்காட்சிச் சுவரிலேயே எழுதியிருந்தார்கள்: மித்ராஸின் அடியார்கள் வலது கை கொடுத்துத்தான் ஒன்று சேர்வார்களாம். நானும் வலது கையைத்தானே கொடுத்தேன்?

இப்போது செவன் ஹில்ஸில் ஒரு பண்டகசாலையில் வேலை. பெட்டிகளைத் தொடுவதற்குத்தான் சம்பளம். ஆனால் ஹெலன்ஸ்பர்க் கோயிலில் நந்தியைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தால் போதும், மகள் பின்னாலிருந்து, "சார், ப்ளீஸ் டோன்ட் டச்!" என்பாள். மனைவியும் விடமாட்டாள்: "தள்ளி நில்லுங்கோப்பா, அலாரம் அடிக்கும்." பக்கத்தில் நிற்கிறவர்களுக்கெல்லாம் கதை தெரியும், சிரிப்பார்கள். நான் முறைத்துக்கொண்டே தொடுவேன். ஆனால் தொடுமுன் என் கண், பாழாய்ப்போனது, கூரையில் கமரா இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுகிறது.