தவளைக் கச்சேரி

மத்தளத் தவளையின் வலது கை, துடைத்த துணியோடு வந்துவிட்டது.

பல் செட் செய்பவர் அப்படியே நின்றார். துணியால் ஒரு தட்டு தட்டியதைத் தவிர அவர் ஒரு பாவமும் அறியார். இருபத்தாறு பீங்கான் தவளைகள், பாட்டுக்காரனைத் தவிர ஆளுக்கொரு வாத்தியம். மனைவி பதினெட்டு வருஷமாக ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்த கோஷ்டி. ஞாயிற்றுக்கிழமை நூலகக் கண்காட்சியில் முதல்முறையாக அவளுக்கென்று ஒரு மேசை ஒதுக்கியிருந்தார்கள். தங்கை வீட்டுக்குக் கிளம்பும்போது, "தூசி மட்டும் தட்டி வைங்க, போதும்" என்று ஒரே ஒரு வேலைதான் சொல்லியிருந்தாள்.

ஓட்டமும் நடையுமாகத் தன் பட்டறைக்குப் போய், ஈறு செய்யும் கலவையை வைத்துக் கையை ஒட்டினார். கல் மாதிரி நின்றது. ஆனால் பச்சைத் தவளையின் தோளில் இப்போது ரோஸ் நிறத்தில் ஒரு ஈறு. வீட்டுக்கு வந்து, அதை மறைக்கப் புல்லாங்குழல் தவளையைச் சற்று முன்னால் நகர்த்தினார். தலை மட்டும் கையோடு வந்தது.

சரி, தலையை ஒட்டிக் காயவைக்க இடம் வேண்டுமே என்று வயலின் தவளையைத் தூக்கினார். கால்கள் அலமாரியிலேயே நின்றுகொண்டன.

மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை ஒரு பக்கம். முப்பது வருஷமாகச் சோறு போட்ட கைக்கு என்ன வந்தது என்பது இன்னொரு பக்கம். பட்டறைக்குப் பக்கத்திலிருந்த பல் டாக்டரிடம் ஓடினார். டாக்டர் ஊசியில் நூல் கோக்கச் சொன்னார். ஒரே தடவையில் கோத்தார்.

"கை நல்லாத்தானே இருக்கு?"

"தவளையைத் தொட்டா மட்டும் உடையுது டாக்டர்."

டாக்டர் நன்றாகத் தூங்கி எழச் சொன்னார்.

சனிக்கிழமை மதியத்துக்குள் கணக்கு ஒன்பதாகிவிட்டது. இரண்டு வாடிக்கையாளர்கள் பொக்கை வாயோடு காத்திருக்க, பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கலவையில் பச்சைச் சாயம் சேர்த்து, ஒட்டுப் போட்ட இடமே தெரியாமல் இழைத்தார். அப்போதுதான் அந்தத் தவளைகளின் முகத்தை முதல்முறையாகப் பார்த்தார். ஒவ்வொன்றும் ஒரு தினுசாகச் சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்தது. பாட்டுக்காரத் தவளையின் உடைந்த தாடையை ஒட்டியவர், தன்னை மறந்து அதில் நாலு பல்லும் கட்டிவிட்டார்.

மாலையில் மனைவி தங்கையோடு வந்து அலமாரி முன்னால் நின்றாள். மத்தளக்காரனின் தோளைத் தடவினாள். பாட்டுக்காரனைக் கையில் எடுத்தாள்.

"இதுக்கு எதுக்குங்க பல்லு?"

"கைப்பழக்கம்" என்றவர், அதற்குமேல் தாங்காமல் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். "ஒன்பதையும் உடைச்சுட்டேன்மா. இனிமே இந்தக் கையை நம்ப முடியாது. திங்கட்கிழமையோட கடையை மூடிடலாம்னு இருக்கேன்."

மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் தங்கையைப் பார்த்தாள்.

தங்கைதான் வாயைத் திறந்தாள்: "கடையை எல்லாம் மூடாதீங்க மாமா, அந்த ஒன்பதும் பரண்ல உடைஞ்சு கிடந்ததுங்க. ஒட்டித் தாங்கன்னு கேட்டா பத்து வருஷமா 'நாளைக்கு, நாளைக்கு'ன்னே சொன்னீங்களாம், அதான் அக்கா மைதாப் பசையைத் தடவி நிக்க வச்சுட்டு எங்க வீட்டுக்கு வந்துட்டா."